சாமி பயம் இல்லாத பிள்ளை

கேள்வி: எனக்கு 47 வயது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் என் அண்ணன் நடத்தும் கமிஷன் கடையில் கணக்குப் பார்க்கிறேன். கணவர் இரண்டு வருடத்துக்கு முன்பு மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகன், கல்லூரியில் மூன்றாம் வருடம். விடிகாலை மூன்று மணிக்கு எனக்கு முன்னால் கடைக்குப் போய் மூட்டை இறக்குவான். நல்ல பிள்ளை. ஆனால் ஒரு வருடமாகச் சாமி கும்பிடுவதில்லை. சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு வரவில்லை. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சொன்னால், அந்தக் காசுக்கு ஏதாவது ஒரு இல்லத்தில் சாப்பாடு போடலாம் என்கிறான். திருப்பரங்குன்றம் மலைப் பிரச்சினை டிவியில் ஓடிய அன்று, "மதம்னு ஒண்ணு இல்லேன்னா உலகத்துல சண்டையே இருக்காது" என்றான். என் அண்ணன், "சாமி பயம் இல்லேன்னா ஊரே சுடுகாடாயிரும்" என்று கத்திக் கை ஓங்கிவிட்டார். அதிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. மதமே இல்லாத உலகம் நிம்மதியாக இருக்குமா, பயங்கரமாக இருக்குமா? சாமி பயம் இல்லாத பிள்ளை கெட்டுப்போவானா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் போன பிறகு, சாமி இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை. எட்டு மணிக்குப் படுத்தால் பத்தரைக்கு நெஞ்சு படபடத்து விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கமே இல்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உலகம் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். முதலில் உங்கள் பிள்ளையைப் பார்ப்போம்.

இருபது வயதில் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து அம்மாவுக்கு முன்னால் மூட்டை இறக்குகிறான். அப்பா பெயரில் பசித்தவர்களுக்குச் சாப்பாடு போடலாம் என்கிறான். இவன் கெட்டுப்போவானா என்று கேட்கிறீர்கள். கெட்டுப்போகிற பிள்ளைகளின் அம்மாக்கள் மனநல ஆலோசனைக்காக என் அறைக்கு வாரம் தவறாமல் வருகிறார்கள். அவர்கள் சொல்லும் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. குடி, கடன், ஆன்லைன் ரம்மி, வீட்டு நகை காணாமல் போவது என்று அந்தக் கதைகள் வேறு மாதிரி இருக்கும். அந்தப் பிள்ளைகளில் பலர் கையில் கயிறு கட்டியவர்கள், நெற்றியில் திருநீறு வைத்தவர்கள்.

ஆனாலும் உங்கள் அண்ணன் சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது. அவர் பேச்சுக்குப் பின்னால் இந்த ஊரின் நெடுங்கால அனுபவம் இருக்கிறது. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் காவல் இருக்கும் கதவின் முன்னால் போய்ச் சத்தியம் செய்யச் சொன்னால், பொய்க்கணக்கு எழுதியவனுக்குக் கால் நடுங்கும். நிலத் தகராறும் பணத் தகராறும் அங்கே தீர்ந்திருக்கின்றன. மாலை போட்ட 48 நாளும் ஒரு சொட்டு குடிக்காத ஆண்களை எனக்குத் தெரியும். அந்த 48 நாள் அவர்கள் வீட்டில் அடுப்பும் எரியும், அடியும் விழாது. சாமி பயம் வேலை செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை. சிக்கல் 49-ஆவது நாளில்தான். மாலையைக் கழற்றியதும் நேரே டாஸ்மாக் போகிறவனிடம் இருந்தது பயம் மட்டும்தான். என்னிடம் வருகிற ஆண்களில் சிலர் அந்த 48 நாளை ஒரு தொடக்கமாக வைத்துக்கொண்டு நிரந்தரமாக விட்டிருக்கிறார்கள். அவர்களிடம் பேசினால் மகளின் படிப்பு, மனைவியின் முகம், கெட்டுப்போன ஈரல் என்றுதான் காரணம் சொல்வார்கள். சாமியையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார்கள்.

சரி, நல்லது கெட்டது பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் ஆழ்ந்த மதப்பற்றுள்ள கிறிஸ்தவ, யூதக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. ஓய்வு நாளில் வேலை செய்யக் கூடாது என்ற விதியைக் கடவுள் சொல்லாமல் விட்டிருந்தால் வேலை செய்யலாமா என்று கேட்டதற்குப் பெரும்பாலான பிள்ளைகள் செய்யலாம் என்றார்கள். கடவுளே திருடச் சொல்லி எழுதியிருந்தால் திருடலாமா என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் கூடாது என்றார்கள். எதிராளிக்கு வலிக்கும், அது அநியாயம் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். எது சடங்கு, எது அநியாயம் என்று பிள்ளைகள் சின்ன வயதிலேயே பிரித்துப் பார்க்கப் பழகிவிடுகிறார்கள். அதைக் கற்றுக் கொடுத்ததில் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் பங்கு இருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் பூ கொண்டுவரும் விவசாயிக்கு எடையைக் குறைக்காமல் துண்டுச் சீட்டு எழுதித் தருகிற அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் அவன்.

இனி அவன் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மதம் இல்லாவிட்டால் சண்டையே இருக்காது என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. மேலூர் பக்கத்தில் மேலவளவு. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் பஸ்ஸில் வந்தபோது வெட்டிக் கொன்றார்கள். தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் குற்றம். வெட்டியவர்களுக்கும் செத்தவர்களுக்கும் மதம் ஒன்றுதான். உத்தப்புரத்தில் தலித்துகளை ஒதுக்க 1989-இல் எழுப்பி 2008-இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட சுவரும் ஒரே மதத்துக்காரர்களுக்கு நடுவில் நின்ற சுவர்தான்.

"சாதியே மதத்திலிருந்து வந்ததுதானே" என்று உங்கள் மகன் இந்த இடத்தில் கேட்பான். கேட்க வேண்டிய கேள்விதான். சாதிக்கு மதம் முட்டுக்கொடுத்தது உண்மை. ஆனால் மதம் மாறிய பிறகும் சாதி கூடவே போனதற்குத் திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரித்து நிற்கும் சுவர் சாட்சி. இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர், சாதியைச் சொல்லி அதுவரை உள்ளே விடப்படாத கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அவரும் ஆழ்ந்த பக்தர்தான், அவரைத் தடுக்கப் பார்த்தவர்களும் பக்தர்கள்தான்.

வெளியூர்க் கதைகளும் இதைத்தான் சொல்கின்றன. 1994-இல் ருவாண்டாவில் ஏறக்குறைய நூறு நாளில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களும் செத்தவர்களும் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்தவர்களையும் அங்கேயே கொன்றார்கள். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கூட்டம் புத்த பிக்குகளின் காவியைக் கழற்றி வயலுக்கு விரட்டியது, மத வழிபாட்டையே ஒழித்தது. அந்த நான்கு வருடத்தில் பட்டினியிலும் கொலையிலும் செத்தவர்கள் 15 லட்சத்துக்கும் மேல்.

மனிதன் இன்னொருவனை "அவன் நம்ம ஆள் இல்லை" என்று ஒதுக்குவதற்கு எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்வான். மதம் அதில் ரொம்ப வசதியான ஆயுதம், ஏனென்றால் செத்த பிறகும் கூலி உண்டு என்று அதனால் சொல்ல முடியும். 1947 பிரிவினையை நினைத்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் உங்கள் மகனின் கோபம் நியாயமானது. திருப்பரங்குன்றத்தில் மலையடியில் முருகனும் மலைமேல் சிக்கந்தர் தர்காவும் இருக்க, இரண்டு பக்கமும் போய்வந்த குடும்பங்கள் இன்று எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செய்தியைப் பார்த்துக் கொதிக்காத இருபது வயதுப் பையனைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

அப்படியானால் மதம் குறைந்த நாடுகள் அமைதியாக இருக்கின்றனவே என்று அவன் டென்மார்க்கையும் சுவீடனையும் காட்டலாம். இருக்கின்றன. கொலை குறைவு, பணப்பை தொலைந்தால் திரும்பக் கிடைக்கும் என்று நம்பும் ஊர்கள். ஆனால் அங்கே யாரும் கோயிலைப் பூட்டவில்லை. நோய் வந்தால் ஆஸ்பத்திரி, வேலை போனால் உதவித்தொகை, வயதானால் பென்ஷன் என்று ஒவ்வொன்றாக வந்தன. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் குறையக் குறைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் குறைந்தது. இப்போதும் டென்மார்க்கில் பத்தில் ஏழு பேர் தேவாலய உறுப்பினர்கள். பிரார்த்தனைக்குப் போவதில்லை, அடக்கத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் போகிறார்கள். சுவீடனில் கடந்த சில வருடங்களாகப் போதைக் கும்பல்கள் துப்பாக்கியும் வெடிகுண்டுமாகத் திரிகின்றன, அதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை.

பூட்டிய நாடு அல்பேனியா. 1967-இல் மசூதி, தேவாலயம் எல்லாவற்றையும் மூடினார்கள். 1976 அரசியல் சட்டத்தில் அரசு எந்த மதத்தையும் ஏற்காது என்று எழுதினார்கள். ரகசியமாகக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரைச் சுட்டுக் கொன்றார்கள். 1990-இல் தடை விலகியதும் மக்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பிரார்த்தனை செய்தார்கள். சோவியத் ஒன்றியமும் இருபது வருடம் கடவுளுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்துவிட்டு 1937 கணக்கெடுப்பில் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டது. பதில் சொன்ன பெரியவர்களில் பாதிக்கு மேல் உண்டு என்றார்கள். அந்தக் கணக்கெடுப்பையே அரசு மூடி மறைத்துவிட்டது.

எனவே "நிம்மதியா, பயங்கரமா" என்றால், மதம் எப்படிப் போகிறது, போன இடத்துக்கு என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்வேன். இந்தியாவில் அப்படி ஒரு உலகம் உங்கள் ஆயுளிலோ அவன் ஆயுளிலோ வரப்போவதில்லை. 2011 கணக்கெடுப்பில் மதம் எது என்று சொல்லாதவர்கள் சுமார் 28 லட்சம் பேர், மக்கள்தொகையில் கால் சதவீதம்கூட இல்லை. மல்லிகை வியாபாரத்துக்கு ஆபத்து இல்லை. இன்னொரு ஆறுதல், சாமி இல்லை என்பவர்களும் தலைவர் பிறந்தநாளுக்கு மாலை உங்களிடம்தான் வாங்குகிறார்கள்.

மதம் போன இடத்துக்கு எதுவுமே வராவிட்டால் என்ன ஆகும் என்பதை மதுரை கொஞ்சம் ருசி பார்த்திருக்கிறது. கொரோனாவால் 2020 சித்திரையிலும் 2021 சித்திரையிலும் அழகர் வைகைக்கு வரவில்லை. சடங்கு அழகர்கோயிலுக்குள்ளேயே முடிந்தது, திருக்கல்யாணத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அந்த நாட்களில் என்னிடம் வந்தவர்கள் சாமியைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னதைவிட, அழகரை வரவேற்கும் எதிர்சேவையில் வருடா வருடம் பார்க்கும் சொந்தக்காரர்களைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னதுதான் அதிகம். அதைவிடக் கொடுமை சாவு வீடுகள். பிளாஸ்டிக்கில் சுற்றிய உடம்பு, கூட நாலு பேர், குளிப்பாட்டவும் இல்லை, வாய்க்கரிசியும் இல்லை, பதினாறாம் நாள் காரியமும் இல்லை. முகம் பார்க்காமல் அனுப்பியவர்கள் பலரின் துக்கம் முடியவே இல்லை. அவர்களில் தீவிர நாத்திகரும் இருந்தார். தன் தம்பிக்கு ஒரு படத்திறப்புக்கூட வைக்க முடியவில்லையே என்று அழுதார்.

துக்கத்தைத் தூக்கிச் சுமக்க நாலு தோள் வேண்டும். இத்தனை காலம் அந்த நாலு பேரை ஒரு இடத்தில் கூட்டிவைத்தது மதம். சுமார் 90,000 அமெரிக்கச் செவிலியர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2016-இல் வந்த ஒரு ஆய்வில், வாரம் ஒருமுறையாவது பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போனவர்களிடம் தற்கொலை, போகாதவர்களிடம் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. அங்கே போய்க் கும்பிட்டதா, அங்கே நாலு பேர் "ஏன் போன வாரம் வரலை" என்று கேட்டதா, எது காப்பாற்றியது என்று அந்த எண்ணிக்கை சொல்லாது. என் தொழில் அனுபவத்தில் இரண்டாவதற்குத்தான் கனம் அதிகம்.

இதில் என் துறைக்காரர்கள் அடிக்கடி பேசிக்கொள்ளும் இரண்டு சம்பவங்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு. மனநோய் வந்தவர்கள் முத்துசாமி கோயில் என்ற ஒரு கோயிலில் சில வாரம் தங்குவதை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள். சுமார் முப்பது பேர். மாத்திரை கிடையாது, பெரிய பூசையும் கிடையாது. கூட ஒரு சொந்தக்காரர் தங்க வேண்டும், காலையில் கும்பிட வேண்டும், கோயிலைக் கூட்ட வேண்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நோயின் தீவிரம் சராசரியாக 20 சதவீதம் போலக் குறைந்திருந்தது. யாரும் அவர்களைப் பைத்தியம் என்று விரட்டவில்லை என்பதுதான் அங்கே கிடைத்த முக்கிய மருந்து. அதற்கு முந்தைய வருடம், 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தர்காவை நம்பிக் கொண்டுவந்து விட்டுப்போன மனநோயாளிகள் தனியார் காப்பகக் கொட்டகையில் சங்கிலியில் கிடந்தார்கள். தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். இரண்டு இடத்துக்கும் ஆட்களைக் கொண்டுவந்தது ஒரே நம்பிக்கைதான். முன்னதில் கூடவே ஒரு சொந்தம் இருந்தது, பின்னதில் காசு கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது நீங்கள் கடைசியில் இரண்டு வரியில் எழுதியதற்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சாமி இருக்கிறதா என்ற சந்தேகம் உங்களுக்கே வந்துவிட்டது என்கிறீர்கள். சாவுக்குப் பயப்படுவது பற்றிய ஆய்வுகள் சிலவற்றில் ஒரு விஷயம் தெரிகிறது. ஆழமாக நம்புகிறவர்களுக்கும், உறுதியாக இல்லை என்பவர்களுக்கும் சாவுப் பயம் குறைவு. நடுவில் ஊசலாடுகிறவர்களுக்குத்தான் அதிகம். உங்கள் மகன் ஒரு கரையில் நிற்கிறான், அண்ணன் மறு கரையில் நிற்கிறார், நீங்கள் நடு ஆற்றில் நிற்கிறீர்கள். மதமில்லாத உலகம் பயங்கரமாக இருக்குமா என்ற உங்கள் கேள்விக்குள், என் கணவர் இப்போது எங்கே இருக்கிறார், நான் தனியாகத்தான் இருக்கப்போகிறேனா என்ற கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். இளம் வயதில் துணையை இழந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது சகஜம். இது பாவமும் இல்லை, மனநோயும் இல்லை. உடனே ஒரு முடிவுக்கு வர வேண்டிய கட்டாயமும் இல்லை. விளக்கேற்றத் தோன்றினால் ஏற்றுங்கள், தோன்றாத நாளில் விட்டுவிடுங்கள்.

மகனிடம் இதைச் சொல்லலாம் என்பது என் கருத்து. வீட்டில் தான் ஒருவன்தான் இப்படி யோசிக்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். "நான் உன் பக்கம் வந்துட்டேன்னு நினைக்காதே, எனக்கும் தெரியலை, அவ்வளவுதான்" என்று சொல்லுங்கள். அண்ணனிடம் சொல்ல வேண்டாம். அவரிடம் வேலை பார்க்கிறீர்கள், தங்கச்சியின் சந்தேகத்தைத் தாங்குகிற நிலையில் அவர் இன்று இல்லை.

ஆடி அமாவாசைக்கு இரண்டையும் செய்யுங்கள். ராமேஸ்வரத்துக்கு அவன் உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். கடலில் இறங்குவதும் எள்ளும் தண்ணீரும் விடுவதும் அவன் விருப்பம். மனசில்லாமல் மந்திரம் சொல்லவைத்து ஒரு பயனும் இல்லை, அப்பாவின் நினைவோடு அந்தக் கசப்பும் சேர்ந்துகொள்ளும். திரும்பி வந்து அவன் சொன்ன மாதிரி ஒரு இல்லத்தில் சாப்பாடு போடுங்கள். பந்தியில் நீங்களும் நின்று பரிமாறுங்கள். அப்பாவுக்குப் பிடித்த குழம்பு எது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவனிடம் ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள். உங்கள் கும்பிடுதலை அவன் கிண்டல் செய்யக் கூடாது. நீங்களும் அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

தாய்மாமன் கை ஓங்கியதை எளிதாக விடச் சொல்ல மாட்டேன். அதற்காக உடனே மன்னிப்புக் கேட்கச் சொன்னால் அவர் இன்னும் முறுக்கிக்கொள்வார். தங்கை புருஷன் போன பிறகு இந்தப் பிள்ளைக்கு நான்தான் அப்பா என்று அவர் நினைத்திருப்பார், பிள்ளை தன் கையை விட்டுப் போகிறானோ என்ற பயம்தான் அன்று கையாக ஓங்கியிருக்கும். தனியாக இருக்கும்போது, "அண்ணே, அவன்கிட்ட இனிமே கை ஓங்காதீங்க, எனக்குத் தாங்கலை" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைக்குள் சாமி பேச்சே வேண்டாம். முகூர்த்த நாளில் மூட்டை வந்து இறங்கும்போது இரண்டு பேரும் பேசித்தான் ஆக வேண்டும். எடை, ரேட் என்று ஆரம்பிக்கட்டும், போதும்.

நெஞ்சு படபடப்பை மனசுக் கஷ்டம் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். 47 வயதில் மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குவதாலும் இப்படி விழிப்பு வரும், உடம்பு சூடாகி வியர்க்கும். தைராய்டு, ரத்தசோகை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட்டு ஒரு ஈசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் மாரடைப்பில் போனதால் ஒவ்வொரு படபடப்பும் உங்களுக்கு அதே பயத்தைக் கிளப்பும், ஈசிஜி சரியாக இருந்தால் அந்தப் பயம் பாதி அடங்கும். மார்க்கெட்டில் விடிய விடியக் குடிக்கும் டீயைக் காலை ஒன்பது மணியோடு நிறுத்துங்கள். மதியம் தூங்கினால் அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். உடம்பில் ஒன்றும் இல்லை என்று வந்து, அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாருங்கள். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் அன்றைக்கே பேசுங்கள். ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள், ஆடி வரை தள்ளிப்போட வேண்டாம்.